அம்மா குளிப்பாட்டிய துப்பாக்கி

புளியும் சீமெண்ணெயும் இரும்புத் துருவும் கலந்தால் ஒரு நெடி வரும். மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்து, செப்புக் காசைச் சப்பியது போல நாக்கின் ஓரத்தில் ஒரு சுவையை விட்டுவிட்டுப் போகும் அந்த நெடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க, மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் எங்கள் வீட்டில் குடியிருந்தது. நான் அப்போது ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. சோற்றிலும் அந்த வாசம் அடிக்கிறது என்று நான் சிணுங்கினால், "திங்கறதுன்னா தின்னு கண்ணு, இல்லாட்டி எந்திரிச்சுப் போ" என்பாள் அம்மா. நான் எழுந்து போனதில்லை. ஒரு தடவைக்கு மேல் சாப்பிடக் கூப்பிடும் ரகம் இல்லை அவள்.

நெடிக்குக் காரணம் ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. வெள்ளைக்காரப் பட்டாளம் தனக்கு வேண்டாம் என்று கழித்துப்போட்டதை, என் அப்பாவைப் பெற்ற அப்பாரு எப்போதோ முறைப்படி லைசென்ஸ் எழுதி வாங்கியிருந்தார். நிறுத்தி வைத்தால் என்னைவிட உயரம். தோட்டா போடும் இடத்தில் பொடிடப்பி மூடி மாதிரி ஒரு சின்ன மூடி பக்கவாட்டில் திறக்கும். அதன்மேல் வந்து அடிக்கிற சுத்தி போன்ற பாகத்துக்குக் 'குதிரை' என்று பேர். கட்டையின் அடியிலும் விசையைச் சுற்றியும் பித்தளை போட்டிருக்கும். வீட்டில் யாரும் அதைத் துப்பாக்கி என்று சொல்லமாட்டார்கள். 'பட்டாளத்தான்' என்பார்கள், வந்த இடத்தில் தங்கிவிட்ட ஒரு விருந்தாளியைச் சொல்வது போல.

பட்டாளத்தானுக்கு வருசத்தில் ஒரே ஒரு வேலைதான். மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே நீலகிரி மலையின் அடியில் எங்களுக்கு ஒரு 'காடு' இருந்தது. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வோம்; அதில் மரம் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆடியில் கடலைக்காய் விதைத்தால், காய் பிடிக்கிற சமயம் பார்த்து மலையிலிருந்து காட்டுப் பன்றிகள் குஞ்சு குளுவானோடு இறங்கிவரும். ஒருமுறை மேய்ந்துவிட்டுப் போனால் புதிதாக உழுது போட்டது மாதிரி நிலம் கிடக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா பட்டாளத்தானைத் தூக்கிக்கொண்டு போய் வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார். அவர் ஒரு பன்றியையும் கொன்றதாக எனக்கு நினைவில்லை. அந்தச் சத்தமும், அது மலையில் மோதித் திரும்பிவருகிற சத்தமும் போதும், வாரக்கணக்கில் பன்றிகள் அந்தப் பக்கம் தலைகாட்டாது.

அப்பா விட்டுவிட்டு வருகிற முறைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் அவர் பேரில் இருந்ததால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். அது அங்கே ஒரு பின்னறையில் இரண்டு மழைக்காலம் சுவரில் சாய்ந்து கிடக்க, இங்கே இரண்டு வருசக் கடலைக்காயும் பன்றிக்கே போயிற்று. மூன்றாவது வருசமும் போனால் காட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. விற்றால் எங்கே போவோம் என்பதும் தெரியும். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தார். சனிக்கிழமை ரயிலில் எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம், "அந்தக் காட்ட வித்துப்போட்டு வந்துரு நாச்சம்மா. எங்கூட்டுல உனக்கும் புள்ளைக்கும்னு ஒரு அறைய ஒதுக்கிப்போடறேன்" என்பார். மனதாரச் சொல்வார். அத்தையும் நல்லவள். எனக்குக் கோயமுத்தூர் என்றால் கொள்ளை ஆசை, மின்சார விளக்கைப் பார்க்கலாம்.

அவர் போனபிறகு ஒருநாள், "மாமாவூட்டுக்குப் போனா என்னம்மா?" என்று கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணனும் நல்லவரு, அண்ணியும் நல்லவ. அதுதான் பயமா இருக்குது. நல்லவங்ககிட்ட ஒருக்காக் கை நீட்டிப்போட்டா அப்பறம் மடக்க முடியாது கண்ணு" என்றாள்.

அந்தத் தை மாதம் அவள் வண்டி பூட்டச் சொல்லி, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தாசில்தாரைப் பார்க்கப் போனாள். வெள்ளைச் சேலையில் ஒரு கிராமத்துப் பெண், துப்பாக்கி லைசென்ஸ் தன் பேருக்கு வேண்டும் என்று வந்து நின்றதை அந்த மனிதர் எதிர்பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?"

"பன்னிக்கு ஆம்பளை காடு எது, பொம்பளை காடு எதுன்னு தெரியறதில்லீங்களே."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததால்தான் காரியம் நடந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துப்போய்ப் பழுது பார்க்க மட்டும் ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதுவரை ஒரு வெடிகூட வெடிக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். வைகாசியில் மேட்டுப்பாளையத்தில் நிலவரிக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி முகாம் நடக்கும்போது அதை வேலை செய்கிற நிலையில் கொண்டுவந்து, அம்மாவே அவர் கண்முன் சுட்டுக் காட்டவேண்டும். காட்டினால் லைசென்ஸ். இல்லாவிட்டால் துப்பாக்கி சர்க்காருக்கு.

பட்டாளத்தான் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பித்தளை பச்சை பூத்திருந்தது. குதிரை அசையவில்லை. கட்டையில் மணிக்கட்டுத் தடிமனான இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். எங்கள் வீட்டில் உலோகம் என்றால் அதற்கு ஒரே வைத்தியம்தான்: புளி, செங்கல் பொடி, சாம்பல், தேங்காய் நார். கிணற்றடிக் கல்லில் அதைக் கிடத்தி நாங்கள் இருவரும் காலையிலிருந்து உச்சிவரை தேய்த்தோம். பித்தளை தங்கமாயிற்று. இரும்பு குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. கடைசியில் அம்மா ஒரு பானை வெந்நீர் காய்ச்சி, புனல் வைத்துக் குழாய்க்குள் ஊற்றினாள். மண்ணும் கரியும் கரைந்து கறுப்பாக ஓடிய தண்ணீரைப் பார்த்து, பிள்ளைக்கு வயிறு சுத்தமானது போலத் திருப்தியோடு தலையாட்டினாள். பிறகு அதைக் கயிற்றுக் கட்டிலில் நிழலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் முனையிலிருந்து அடிவரைக்கும் செக்கச்செவேலென்று துரு. முன்பிருந்ததைவிட மோசம்.

அம்மா கட்டில் பக்கத்தில் அப்படியே நின்றாள். அவள் முகம் வெளுத்து நான் பார்த்தது அப்போதுதான். அந்த நேரத்தில்தான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அந்தோணி கொல்லைப்புறத்து வேலியோரம் வந்து நின்றார். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது எங்கள் வீட்டில் என் வயதுப் பிள்ளைகள்கூட அவரை வா, போ என்றுதான் சொல்லும். ஊருக்குக் கிழக்கே, சின்ன மாதா கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் அவருக்கு வீடு. அந்தத் தெருக்காரர்கள் எங்கள் வீதிக்குள் செருப்புப் போட்டு வரக்கூடாது, வீட்டுக்குள் வரக்கூடாது, எங்கள் கையிலிருந்து ஒரு சாமானை நேராக வாங்கக்கூடாது. நாங்கள் கீழே வைத்து நகர்ந்தபிறகு அவர்கள் எடுத்துக்கொள்ளவேண்டும். அந்தோணி கட்டிலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க பண்ணாடிச்சி, துப்பாக்கியக் குளிப்பாட்டிப் போட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

எசமானியான அம்மாவைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை. இன்றைக்கு அந்தோணிக்கு இருக்கிறது என்று நான் பயந்தேன். அம்மா, "உனக்கென்ன தெரியும் இதப் பத்தி?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு வருசம் பஸ்ராவுல இதே வேலைதானுங்க. குளிப்பாட்டுனது தப்பில்லீங்க. சுடுதண்ணி ஊத்துனதுதான் நெம்பச் சரி, பட்டாளத்துலயும் அப்படித்தான் ஊத்துவோம். தொவட்டாம உட்டுப்போட்டீங்க. பச்சப் புள்ளையத் தண்ணி வாத்துப்போட்டு ஈரத்தோட போட்டா சளி புடிக்கோணுமல்லங்க?"

அந்தோணி முதல் பெரிய யுத்தத்தில் அரபு நாட்டுப் பஸ்ரா வரைக்கும் பட்டாளத்தோடு போய்வந்தவர் என்று ஊருக்குத் தெரியும். 'கப்பல் ஏறிப் போனவன்' என்பார்கள், அவ்வளவுதான். அங்கே என்ன செய்தார், இடக்கையில் இரண்டு விரலை எப்படித் தொலைத்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக் 'கவலையை', மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்றத்தை, ஓட்டி வருசக்கணக்காகத் தண்ணீர் இறைத்த மனிதரிடம் நாங்களும் கேட்டதில்லை. அம்மா கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு துப்பாக்கியைத் தூக்கிக் கிணற்றடிக் கல்லில் வைத்துவிட்டு நான்கு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். "எடுத்துப் பாரு" என்றாள்.

அன்றைக்குத் தொடங்கியது. காலை இறைப்பு முடிந்ததும் அந்தோணி வருவார். அம்மா கல்லில் வைப்பாள், நகர்வாள். அவர் எடுத்துப் பார்த்து, என்ன செய்யவேண்டும் என்று சொல்லி, கல்லில் வைத்து நகர்வார். அம்மா வந்து எடுத்துச் செய்வாள். ஒரு வேலைக்கு இருபது தடவை இப்படிப் போக்குவரத்து. எனக்கு அது கிளித்தட்டு மாதிரி வேடிக்கையாக இருந்தது. செங்கல் பொடி பக்கமே அவர் போகவிடவில்லை. சீமெண்ணெயில் நனைத்த துணி, மெல்லிய சாம்பல், பொறுமை, இவை போதும் என்றார். துருவேறி இறுகிய திருகாணிகளுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, ஒரு நாளைக்கு அரைத் திருகு என்று கழற்றினார்கள். திருப்புளி வேண்டும் என்றதற்கு அம்மா ஒரு முறிந்த அரிவாளின் நுனியைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து அவளே ஒன்று செய்துவிட்டாள். அந்தோணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பட்டாளத்துத் துப்பாக்கி ரிப்பேரு பாக்கற ஆர்மரி அவல்தாரு பாத்தா உங்களச் சேத்துக்குவாருங்க" என்றபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

குதிரைக்கு உயிர் கொடுப்பது உள்ளே இருக்கும் ஒரு வளைந்த வில். அதைக் கழற்றித் துரு எடுத்தால்தான் குதிரை அசையும். அமுக்கிப் பிடித்துக்கொண்டே பக்கத்துத் திருகாணியை எடுக்கவேண்டும். நடுவில் கல்லில் வைக்க முடியாது, கை மாற்ற முடியாது. "இதுக்கு ரெண்டு பேரு கை வேணுங்க. எனக்கு அமுக்கிப் புடிக்க வெரலு பத்தாதுங்க" என்றார் அந்தோணி. அம்மா என் பக்கம் திரும்பினாள். சிறுபிள்ளை தொட்டால் குற்றமில்லை என்று நினைத்தாளோ என்னவோ, "கண்ணு, நீ போய்ப் புடி" என்றாள். நான் பெருமையாகப் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் அமுக்கினேன். திருகாணி பாதி வந்திருக்கும், என் பிடி நழுவியது. வில் விர்ரென்று பறந்து என் காதோரத்தை உரசிக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பானையைத் தூளாக்கியது.

பானை உடைந்த சத்தம் அடங்குவதற்குள் அம்மா வந்துவிட்டாள். என் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். என்னைத் தூக்கித் தள்ளி உட்காரவைத்துவிட்டு, அந்தோணிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எங்க அமுக்கோணும், சொல்லு" என்றாள். வில் பறந்த வேகத்தில் திருகாணி பாதியில் கோணிச் சிக்கியிருந்தது; வில்லை மறுபடி எடுத்துவந்து உள்ளே வைத்து அமுக்கினால்தான் அது நேராகிக் கழலும். அவர் விரல்மேல் அவள் விரல், அதன்மேல் அவர் விரல், நடுவில் எண்ணெய். இருவரும் மூச்சுவிடவில்லை. திருகாணி வந்து விழுந்து வில் தளர்ந்தபோது அந்தோணி சட்டென்று கையை இழுத்துக்கொண்டு எழுந்து வேலியோரம் போய்விட்டார். அவருக்குத்தான் அதிகப் பயம். வெளியில் தெரிந்தால் அடி அவருக்குத்தானே விழும்.

அன்று சாயங்காலம் அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. பத்து நாள் கழித்து, துரு போன வில்லைத் திரும்பப் பூட்டும் நாளில், மறுபடி அதே மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முடிந்ததும் அம்மா எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தாள். அதற்குப் பிறகு கல்லில் வைத்து எடுக்கிற விளையாட்டும் நின்றுபோயிற்று. நான்தான் வேடிக்கை போயிற்றே என்று வருத்தப்பட்டேன்.

தோட்டாவின் முதுகில் குத்துகிற ஊசி முறிந்திருந்தது. பெரிய மாமா அந்தச் சனிக்கிழமை வந்து, கொல்லையில் தன் தங்கையும் அந்தோணியும் ஒரே கோணிச் சாக்கில் பாகங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவர் முறிந்த ஊசியை எடுத்துப் புரட்டினார். உள்ளே இருந்த பிட்டர் விழித்துக்கொண்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர், அடுத்த வாரம் புது எஃகில் இரண்டு ஊசி கடைந்து, பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தார். ஒன்று கைக்காவல். ஆனால் அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னார். "தாசில்தாரு யாரு பழுது பாத்ததுன்னு கேட்டா எம்பேரச் சொல்லு, பிட்டருன்னா தொழில்காரன்னு உட்டுருவாங்க. அந்தோணி பேர எடுத்துராத. லைசென்ஸ் இல்லாதவங்கையில குடுத்தேன்னு உனக்குத் துப்பாக்கி கெடைக்காது, அவனையும் புடிச்சு உள்ள போட்டுருவாங்க." அம்மா சரி என்று தலையசைத்தாள்.

மீதி வேலை அம்மாவின் சொந்தப் புத்தி. கட்டையின் வெடிப்புக்கு என்ன செய்வது என்று அந்தோணிக்கே தெரியவில்லை. கவலையில் தண்ணீர் மொள்ளும் பழைய தோல் 'பறி' ஒன்று கிழிந்து கிடந்தது. அதிலிருந்து நீளமாக ஒரு வார் அறுத்து, ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்தோடு வெடிப்பின்மேல் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினாள். வெயிலில் காயக்காய அது இறுகி, வெடிப்புக் கோடே தெரியாமல் கவ்விக்கொண்டது. பூச்சி அண்டாமல் இருக்கக் கட்டைக்கு வேப்பெண்ணெய் பூசிப் பூசிக் கறுப்பாக்கினாள். சித்திரை முடியும்போது பட்டாளத்தான் கட்டிலில் கிடந்த அழகைச் சொல்லவேண்டும். குழாய் உள்ளே பார்த்தால் கண்ணாடி. குதிரையை இழுத்தால் 'ளக்' என்று ஒரு சத்தம், அவ்வளவு சுத்தம். இரண்டு பேர் கையால், ஒரு அரிவாள் நுனியும் அடுப்புச் சாம்பலும் கொண்டு இதைச் செய்தார்கள் என்று யார் நம்புவார்கள்? நான் பார்த்தேன், அதனால் நம்புகிறேன்.

ஒரு பயம் மட்டும் மிஞ்சியிருந்தது. இத்தனை பழைய குழாய் வெடி தாங்குமா என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். சுடமாட்டேன் என்று அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாள். "மரத்துல கட்டிவெச்சு, கயித்துல இழுத்து ஒண்ணு சுட்டுப் பாத்தரலாங்க" என்று அந்தோணி கெஞ்சினார். அம்மா கேட்கவில்லை. அப்பா விட்டுப்போன தோட்டா மூன்றுதான் இருந்தது. அதனால் அவர் சுடாமலே எல்லாம் சொல்லிக்கொடுத்தார்: தோளில் எங்கே பதிப்பது, கன்னத்தை எங்கே வைப்பது. "ஒண்ணு மட்டும் மறந்தராதீங்க. விசைய இழுத்து வெடிக்காமப் போனா ஒடனே மூடியத் தொறக்கவே கூடாதுங்க. மருந்து உள்ள பொகஞ்சுட்டு இருக்கும். அப்படியே புடிச்சுட்டு நின்னு, சாமி பேர முப்பது தடவ சொல்லிப்போட்டு அப்பறம் தொறங்க. அவசரப்பட்டு மூஞ்சி போனவங்கள நாம் பாத்திருக்கறேனுங்க."

ஜமாபந்தி முகாம் பவானி ஆற்றங்கரைத் தோப்பில் நடந்தது. பட்டாவுக்கும் வரிக்கும் வந்த கூட்டம் முழுக்க, ஒரு பெண்பிள்ளை துப்பாக்கி சுடப்போகிறாள் என்று கேள்விப்பட்டு ஆற்று மேட்டுக்கு வந்துவிட்டது. பெரிய மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தோணி எங்கோ தூரத்தில் வண்டி மாடுகளோடு நின்றார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூடியைத் திறந்து தோட்டாவைப் போட்டு, எதிரே மண்கரையைப் பார்த்துப் பிடித்தாள். விசையை இழுத்தாள்.

'ளக்.'

ஒன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். "பயந்துபோச்சு அந்தம்மா, வாங்குங்கய்யா கையிலிருந்து" என்றார் ஒரு குமாஸ்தா. அம்மா அசையவில்லை. குழாய் மண்கரையைப் பார்த்தபடி, கன்னம் கட்டையில் பதிந்தபடி, உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முருகா, முருகா என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நானும் கூடவே எண்ணினேன். இருபதில் சிரிப்பு பெரிதாயிற்று. முப்பது ஆனதும் அவள் துப்பாக்கியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து மெதுவாக மூடியைத் திறந்தாள், நமத்துப்போன தோட்டாவை எடுத்துத் தூரமாகக் கீழே வைத்தாள், அடுத்ததைப் போட்டாள், பிடித்தாள், இழுத்தாள்.

வெடித்த வெடியில் தோப்பிலிருந்த காக்கை முழுக்க எழும்பியது. இரண்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வெள்ளைப் புகை அம்மாவை மறைத்துவிட்டது. அது விலகுகிறவரைக்கும் நான் சாமி பேரையும் மறந்துபோனேன். விலகியபோது அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மண்கரையில் ஒரு குழி. சிரித்தவர்கள் வாயை எப்போது மூடினார்கள் என்று தெரியவில்லை.

தாசில்தார் எழுந்து வந்தார். "முதல் தடவை வெடிக்காதபோது காத்திருந்தீங்களே, அது பட்டாளத்துப் பழக்கம். ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிற ஆம்பிளைகளில் பத்தில் ஒருத்தருக்குக்கூடத் தெரியாது. யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

மாமா, "நானுங்க" என்று ஒரு எட்டு முன்னால் வைத்தார். அம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பேரைச் சொன்னால் கையில் வந்த லைசென்ஸ் போய்விடும், காடு போய்விடும், சொன்ன பேருக்கு உரியவரும் சிறைக்குப் போவார் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும்.

"எங்க கவலை ஓட்டற அந்தோணிங்க. துப்பாக்கிய உசுராக்குனதும் அவந்தானுங்க. தப்புன்னா கூப்புட்டுக் குடுத்தவ நானு, என்னையக் கேளுங்க" என்றாள்.

டவாலி போட்ட சேவகர் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தோணி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைது செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்ற முகத்தோடு வந்தார். தாசில்தார் அவர் கையைப் பார்த்தார். "எங்கே போனது இது?" "பஸ்ராவுலிங்க தொரெ." எந்தப் படை என்று கேட்டார். அதைக் கேட்டதும் அந்தோணியின் குனிந்த முதுகு தானாக நிமிர்ந்தது. குதிகால் இரண்டும் சேர்ந்தன. படையின் பேரையும் தன் எண்ணையும் உரக்கச் சொல்லி சல்யூட் வைத்தார். அவர் அவ்வளவு உயரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தாசில்தார் நாற்காலிக்குத் திரும்பி எழுதத் தொடங்கினார். "நேற்று வரைக்கும் யார் தொட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் சார்பாகத் துப்பாக்கியை எடுத்துப்போகிற ஆள் என்று லைசென்ஸில் ஒரு இடம் இருக்கிறது. அண்ணன் பேரை எழுதட்டுமா?" என்றார்.

"அந்தோணி பேர எழுதுங்க" என்றாள் அம்மா.

அப்படித்தான் அந்த ஆவணி முதல், அந்தோணி தோளில் பட்டாளத்தானோடு எங்கள் வீதி வழியாகக் காட்டுக்கு நடந்தார். காலில் செருப்போடு நடந்தார். சர்க்கார் முத்திரை வைத்த துப்பாக்கி தோளில் இருக்கும்போது செருப்பைக் கழற்று என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. மூன்றாம் நாள் வீதிப் பெரியவர்கள் நாலைந்து பேர் அம்மாவிடம் வந்தார்கள். "பழக்கத்த மாத்தறயே அம்மணி, நாளைக்கு மத்தவங்க என்ன கேப்பாங்க?" என்றார்கள். அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்து, "சர்க்காரு எழுதுன பேருங்க. அழிக்கோணும்னா தாசில்தாருகிட்டப் போய்ச் சொல்லுங்க, வண்டி வேணும்னா பூட்டச் சொல்றேன்" என்றாள். அவர்கள் மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கார்த்திகையில் கடலைக்காய் மூட்டைகள் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. காட்டை விற்கிற பேச்சை மாமாவும் பிறகு எடுக்கவில்லை.

பதினைந்து வருசம் அந்தத் துப்பாக்கி அந்தோணியின் தோளில் போய்வந்தது. நான் கொடுமுடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போய், கைக்குழந்தையோடு தாய்வீடு வந்திருந்தபோது அவர் இறந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போனாள். பிறந்த ஊரில் அந்தத் தெருவை நான் மிதித்தது அன்றைக்குத்தான், அம்மாவும்தான். உடலைப் பார்த்தாள். பிறகு அவர் மனைவியிடம், "குடிக்கச் சித்தெ தண்ணி குடும்மா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அக்கம்பக்கத்தாரைப் பார்த்தாள். யாரோ ஓடிப்போய் ஒரு செம்பை விளக்கி நிரப்பிக்கொண்டு வந்தார்கள். அம்மா முழுச் செம்பையும் குடித்தாள்.

லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் வந்தபோது தாலுகா ஆபீசுக்கு நானும் போனேன். குமாஸ்தா அந்தோணியின் பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "வேற யாரு பேருங்க எழுதறது?" என்று கேட்டார். அம்மா, "யாரும் வேண்டாங்க. துப்பாக்கிய நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். அதை வாங்க அவள் பட்ட பாடு முழுவதையும் பார்த்தவள் நான். விட அவளுக்கு ஒரு நிமிசம் ஆகவில்லை. பன்றிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அதற்கப்புறம் தகர டப்பாவைத் தட்டித்தான் விரட்டினோம்.

இப்போது அந்தக் காட்டில் வரிசையாக வீடுகள் இருக்கின்றன. துப்பாக்கி உருக்கப் போயிற்றோ, எந்த அறையில் கிடக்கிறதோ, தெரியாது. கவலையும் பறியும் போய்விட்டன, இரண்டு தெருவும் ஒரே தார் ரோடாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பேரன் பேத்திகள் 'துப்பாக்கி சுட்ட அம்மாயி' கதையைச் சொல்லிக்கொள்கிறார்கள்; ஒவ்வொரு கல்யாணத்திலும் அம்மா சுட்ட பன்றிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. அவள் ஒரு பன்றியையும் சுட்டதில்லை. நான் திருத்துவதில்லை, அவள் அதற்கும் தகுதியானவள்தான்.

துப்பாக்கியை விட்டுவிட்டு வந்த அன்று பஸ்ஸில் அவள் சொன்னதை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. பாதி வழிவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "பதினஞ்சு வருசம் எங்கையில குடுத்து, எங்கையில வாங்குன மனுசன். உசுரோட இருக்கறப்ப ஒருக்காச்சும் அங்க போய் ஒரு வாய் தண்ணி கேட்டிருக்கலாம் கண்ணு. போனப்பறம் குடிச்சு யாருக்குக் காட்டறேன்?"

நானும்தான் கேட்டதில்லை.